அந்தப் புள்ளியைத் துடைக்காத மென்பொருள்

காசு சேர்க்கும் நண்பர்களுக்கு,



புதிதாக ஒருவர் நம்மோடு சேர்ந்தால் இரண்டு கேள்விகள் உடனே வந்துவிடும். "இந்தக் காசு என்ன விலை போகும்?" என்பது ஒன்று. அனுபவப்பட்டவர்கள் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்கள். "படத்தைச் சரிசெய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பது மற்றது. இதற்கு மட்டும் யாரும் நழுவுவதில்லை, ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறோம். ஃபோட்டோஷாப் இல்லாமல் வேலைக்கு ஆகாது என்கிறார் ஒருவர். போனில் இருப்பதே போதும் என்கிறார் இன்னொருவர். ஏஐ வந்த பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவரும் உண்டு. காசைப் படம் பிடித்த பிறகு கணினியில் செய்ய என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று யோசித்துச் சொன்ன பெயர்களாக எனக்கு இவை தெரியவில்லை. கல்யாண வீட்டுப் படத்துக்குச் சொல்வதையே காசுக்கும் சொல்கிறோம்.

எல்லாருடைய காசுகளையும் சேர்த்து ஒரு படத்தொகுப்பு அச்சிடலாம் என்று இப்போது பேச்சு எழுந்திருக்கிறது. பத்துப் பேர் பத்து விதமாகத் திருத்திய படங்கள் வந்து குவிவதற்கு முன்னால் இதை எழுதிவிடுவது நல்லது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் சொல்லாததைச் செய்யாத மென்பொருள் எதுவோ, அதுதான் நாணயப் படத்துக்கு ஏற்றது. எத்தனை வசதிகள் இருக்கின்றன, எவ்வளவு வேகம், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாயையோ இரண்டு ரூபாயையோ எடுத்து ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். சின்ன வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. உங்களுக்கு இது மனப்பாடம். மென்பொருளுக்கு இது தெரியாது. தூசியும் கீறலும் நீக்கும் கருவியை ஒருமுறை படம் முழுக்க ஓடவிட்டால், நொய்டாவின் புள்ளி அதன் கண்ணுக்கு ஒரு தூசி. அழகாக நிரவிவிடும். நொய்டாக் காசு கொல்கத்தாக் காசாகிவிடும். படத்தைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் கொல்கத்தாக் காசு அப்படித்தான் இருக்கும்.

இன்றைய சில்லறைக்கே இந்தக் கதி என்றால், 1862 விக்டோரியா ரூபாயை நினைத்துப் பாருங்கள். 1874 வரையிலும் அதே 1862-ஐப் பொறித்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். பம்பாய் நாணயச்சாலையின் காசுகளில் பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ணித்தான் நாம் வகை பிரிக்கிறோம். புள்ளி கூடினாலோ குறைந்தாலோ வகை மாறும், விலையும் மாறும். தேய்ந்துபோன காசில் அந்தப் புள்ளி ஒரு மங்கிய மேடாகத்தான் இருக்கும். கண்ணாடி வைத்து, காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து நாம் கண்டுபிடிக்கும் அந்த மேட்டை, ஒரே சொடுக்கில் காணாமல் போகச் செய்யும் கருவிக்கு 'மேம்படுத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்மில் பலர் கணினிப் பழக்கம் இல்லாததால் தெருமுனை ஸ்டூடியோவில் கொடுத்து வேலையை முடிக்கிறோம். அந்தத் தம்பிக்கு ஃபோட்டோஷாப் விரல் நுனியில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மணப்பெண் முகத்தில் பருவைத் துடைத்துப் பழகிய கை அது. ராணியின் கன்னத்தில் உள்ள வெட்டையும் அதே அக்கறையோடு துடைத்துத்தான் கொடுக்கும். கொடுப்பதாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டுவதையும் ஒளி நிறம் சரிசெய்வதையும் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லி வாங்கி வாருங்கள்.

ஏஐ பற்றி இன்னும் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தருகிறோம் என்னும் செயலிகள் இப்போது ஏராளம். அவை தெளிவாக்குவதில்லை. ஏற்கெனவே பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களை வைத்து, இந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. மூக்குத் தேய்ந்த மன்னருக்கு மூக்கு முளைக்கிறது. நிலவைப் படம் எடுத்தால் லென்ஸுக்கு எட்டாத நுணுக்கங்களையும் போட்டுக் கொடுக்கிறது என்று ஒரு போன் நிறுவனத்தின் மேல் 2023-இல் பெரிய சர்ச்சை எழுந்தது நினைவிருக்கலாம். நிலவாவது எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, ஒப்பிட்டுப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசை எதனுடன் ஒப்பிடுவது? மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் பொறித்த வெள்ளிக் காசுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் சிறு சிறு கோடுகள்தான். ஒரு கோடு நீண்டால் வேறு எழுத்து, வளைந்தால் இன்னொரு எழுத்து. 'பெருவழுதி' என்ற பெயரைச் சதுரச் செப்புக் காசில் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் படித்துச் சொன்னபோது சங்ககாலப் பாண்டியர் காசு என்ற பேச்சே புதிய கட்டத்துக்குப் போனது. களிம்பேறிய செம்பில் உள்ள கோடுகளை நம்பித்தான் அந்த வாசிப்பு நின்றது. அப்படிப்பட்ட காசின் படத்தை ஊகித்து வரையும் எந்திரத்திடம் கொடுத்தால், படிக்கக் கிடைப்பது எந்திரத்தின் கையெழுத்துதான்.

"பெரிதாக்காவிட்டால் அச்சில் மங்கிவிடுமே" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அச்சகத்தார் அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பார்கள். விக்டோரியா ரூபாயின் குறுக்களவு சுமார் 30 மில்லிமீட்டர். இரு மடங்காக, அதாவது 60 மில்லிமீட்டரில் அச்சிட 710 பிக்சல் இருந்தால் போதும். சாதாரணப் போன் கேமராவின் 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000. அதில் குறுகிய பக்கத்தின் கால் பங்கைக் காசு அடைத்திருந்தாலே 750 வந்துவிட்டது. புதுக்கோட்டை அம்மன் காசு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதை நான்கு மடங்காக்கி அச்சிடவும் 470-க்குச் சற்று மேல் போதும். மேக்ரோ லென்ஸ் ஒன்றை போனில் கிளிப் போட்டு மாட்டினால் அம்மனும் பின்பக்கத்துத் தெலுங்கு 'விஜய'வும் தெளிவாகவே விழும். பிக்சல் பஞ்சம் நமக்கு இல்லவே இல்லை. படம் மங்குவதற்குக் காரணம் கை ஆட்டமும் வெளிச்சக் கோளாறும் வாட்ஸ்அப்பும்தான். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வந்து சேரும். இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் பழகிக்கொண்டால் தொகுப்பு வேலையில் பாதி முடிந்த மாதிரி.

வெளிச்சத்தைத் தொட்டதால் அதையும் பேசிவிடலாம், ஏனென்றால் மென்பொருளால் சரிசெய்ய முடியாததும் மென்பொருளே கெடுத்துவிடுவதும் இங்கேதான் இருக்கின்றன. காசு என்பது புடைப்பு. மேடும் பள்ளமும் நிழலால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எப்போதும் எடுத்துக்கொள்ளும். சூரியன் மேலேதானே இருக்கிறது. விளக்கு மேல்பக்கம் இருக்க, காசைத் தலைகீழாக வைத்துப் படம் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் 180 பாகை திருப்பி நிமிர்த்தினால் என்ன ஆகும்? மன்னர் நிமிர்வார். ஆனால் வெளிச்சமும் அவரோடு சேர்ந்து திரும்பிக் கீழிருந்து வரும். புடைத்து நிற்க வேண்டிய முகம் குழிந்து தெரியும். இப்படிப்பட்ட படங்களை நான் பல இடங்களில் பார்க்கிறேன்; இது அச்சுப் பிழைக் காசோ என்று கேட்டு விவாதமே நடக்கிறது. காசில் ஒரு குறையும் இருக்காது. படத்தைத் திருப்பாதீர்கள், காசைத் திருப்பி வைத்து மறுபடி எடுங்கள். ஐந்து பத்து பாகை சாய்வை நிமிர்த்துவதில் மட்டும் தோஷமில்லை.

வெளிச்சத்தின் தரமும் முக்கியம். மலிவான எல்.இ.டி. பல்புகளில் சிவப்பு நிறம் குறைவாக இருக்கும். செம்பு அதில் சோகை பிடித்தது போலத் தெரியும். இல்லாத சிவப்பை எந்த மென்பொருளாலும் சரியாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சாச்சுரேஷனை ஏற்றினால் களிம்பின் பச்சையும் சேர்ந்து ஏறும். பல்பு வாங்கும்போது பெட்டியில், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் கலக்காதீர்கள்.

நிறத்தில் இன்னொரு பொறி, தானியங்கி ஒயிட் பேலன்ஸ். கேமராவும் சரி, மென்பொருளில் உள்ள 'ஆட்டோ கலர்' பொத்தானும் சரி, படத்தில் ஒரே நிறம் தூக்கலாக இருந்தால் அதை வெளிச்சத்தின் குற்றம் என்று நினைத்துக் குறைத்துவிடும். படம் முழுக்கச் செப்புக் காசு என்றால் செம்பின் சிவப்பையே குறைத்து அதைச் சாம்பலாக்கிவிடும். பொன் பணம் வெளிறிப்போகும். நமக்கோ நிறம்தான் சாட்சி. தங்கத்தில் கலப்பு எவ்வளவு, வெள்ளியா வெள்ளி பூசிய செம்பா, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த ஈயக் காசா, எல்லாவற்றுக்கும் முதல் தடயம் நிறம். இதற்குத் தீர்வு சுலபம். புகைப்படக் கடையில் 18 சதவீதச் சாம்பல் அட்டை கிடைக்கும். அதே விளக்கில் காசுக்குப் பக்கத்தில் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் ஒயிட் பேலன்ஸுக்கு உரிய சொட்டான் போன்ற குறியால் அந்தச் சாம்பலைத் தொட்டால், அன்று எடுத்த எல்லாப் படங்களுக்கும் அதே அளவைப் பொருத்திவிடலாம். நீங்கள் வாங்க நினைக்கும் மென்பொருளில் இந்த வசதி இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேமராவிலோ போனின் 'ப்ரோ' முறையிலோ ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைப் பதிந்தபடி வைத்திருக்கும் கோப்பாக, எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ராவில் 12 பிட் என்றால் 4096, 14 பிட் என்றால் 16,384. பளபளக்கும் வெள்ளிக் காசில் வெளிச்சம் பட்ட இடம் ஜேபெக்கில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், ராவில் அந்த இடத்திலிருந்தும் கொஞ்சம் விவரம் மீட்கலாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. போன் ஜேபெக் தரும்போதே கூர்மையாக்கி, தூசி நிரவி, நிழலை நிமிர்த்தி, தன் பங்குக்கு மேக்கப் போட்டுத்தான் தருகிறது. ராவில் அந்தக் கைவரிசை பெரும்பாலும் இருக்காது.

இனிப் பின்னணி. எல்லாருக்கும் ஆசை இதில்தான், வெள்ளையில் மிதக்கும் காசு வேண்டும். எந்திரம் வெட்டிய வட்டக் காசு என்றால் வட்டத் தேர்வுக் கருவியை விளிம்பில் பொருத்தி வெட்டிவிடலாம். கையால் அடித்த பழங்காசுக்கு அது ஆகாது. சங்ககாலச் சதுரக் காசின் உடைந்த மூலையும், சோழர் செப்புக் காசின் கோணலான ஓரமும், பொன்னைச் சுரண்டி எடுத்த விளிம்பும் காசின் வரலாற்றைச் சேர்ந்தவை. பின்னணியைத் தானாக அகற்றும் கருவிகள் வெளிர்ந்த ஓரத்தைப் பின்னணி என்று நினைத்துக் கடித்துவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளிக் காசை வைத்து எடுத்த படத்தில் இது தவறாமல் நடக்கும். அதற்குப் படமெடுக்கும்போதே வழி செய்யலாம். காசைச் சிறு குழாய்த் துண்டு ஒன்றின் மேல் உயர்த்தி வைத்தால் கீழே உள்ள தாள் ஃபோகஸில் இருக்காது, நிழலும் விழாது. வெட்ட வேண்டிய அவசியமே பாதி குறையும். அப்புறமும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கையால் கோடு இழுங்கள். பொறுமை வேண்டும். அதற்குப் பேனா போன்ற பாத் கருவி இருக்கும் மென்பொருள்தான் உதவும். நெருக்கமாக வெட்டவும் வேண்டாம், ஓரத்தில் மயிரிழை இடம் விட்டாலும் குற்றமில்லை.

என்னைக் கேட்டால் பின்னணியை அப்படியே விட்டுவிடுவதுதான் அழகு. ஆனால் தொகுப்பில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறீர்கள், நான் மறுத்துப் பேசப் போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. கேமரா வந்த பிறகும் அருங்காட்சியகப் பட்டியல்கள் பலவற்றில் காசை நேராகப் படம் எடுக்கவில்லை. பிளாஸ்டர் வார்ப்பு எடுத்து, அந்த வெள்ளை வார்ப்பைத்தான் படம் பிடித்தார்கள். உலோகத்தின் பளபளப்பும் கறையும் போய்விடும், நிழல் ஒரே சீராக விழும், எழுத்து தெளிவாகத் தெரியும். நிறம் போனது உண்மைதான். ஆனால் எது போனது என்று பார்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முன்னால் ஓவியர்கள் கோட்டோவியமாக வரைந்தார்கள். அதில் வரைந்தவர் எங்கே எதை ஊகித்தார் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. நம் காலத்து ஏஐ அந்த ஓவியரின் பேரன்.

கூர்மையாக்குவதற்கு வருகிறேன். ஷார்ப்பன், கிளாரிட்டி, ஸ்ட்ரக்சர் என்று பெயர்கள் பல. மூன்றும் ஓரங்களில் கறுப்பை இன்னும் கறுப்பாக்கி வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கும் வேலையைத்தான் வேறு வேறு அளவில் செய்கின்றன. கொஞ்சம் என்றால் நல்லது. மிஞ்சினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும், தேய்ந்த காசு அடித்த மறுநாள் போலத் தெரியும், இல்லாத கீறல் எழும். 1 முதல் 70 வரை தரம் போடும் ஷெல்டன் அளவுகோலை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தே பேரம் பேசும் காலம் இது. இந்த ஒரு சறுக்கி (ஸ்லைடர்) தரத்தையே இரண்டு படி ஏற்றிக் காட்டிவிடும். வாங்கியவர் தபாலைப் பிரிக்கும்போது என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. புடைப்பின் சின்ன வளைவு எவ்வளவு பெரிய வம்பில் கொண்டுபோய் விடும் என்பதற்கு 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் நமக்கு நல்ல உதாரணம். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். எல்லாம் ஒரு தும்பிக்கை விவகாரம். அந்தத் தும்பிக்கை உங்கள் படத்தில் எப்படித் தெரிகிறது, காசில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஷார்ப்பன் சறுக்கியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். கடைசி அளவுக்குச் சுருக்கிய பிறகுதான் கூர்மையாக்க வேண்டும். முதலிலேயே செய்துவிட்டுச் சுருக்கினால் ஓரங்கள் நொறுங்கிவிடும்.

சரி, எந்த மென்பொருள்?

கணினி வைத்திருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை கிம்ப். பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995-இல் தொடங்கியது. இலவசம், கட்டற்றது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் இருந்து, போட்ட ஃபில்டரைப் பிற்பாடு எடுத்துவிடவும் மாற்றவும் முடிகிறது. நம் வேலைக்கு இது பெரிய விஷயம். பாத் கருவி உண்டு. நான் அதிகம் மதிக்கும் இன்னொன்று, அதில் அச்சு அளவை ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை பிக்சல் என்று நேராகவே தரலாம். காசுக்குப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து எடுத்த படத்தில் 10 மில்லிமீட்டர் 500 பிக்சலாக விழுந்திருந்தால், மில்லிமீட்டருக்கு 50. அதையே அச்சு அளவில் போட்டால் காசு தன் உண்மையான அளவில் அச்சாகும். 25 போட்டால் இரு மடங்கு. 12.5 போட்டால் நான்கு மடங்கு, அப்போதும் அங்குலத்துக்கு 300-க்கு மேல் நிற்கும். நாணயவியல் நூல்களில் காசை உண்மை அளவில் போடுவதும், பெரிதாக்கினால் எத்தனை மடங்கு என்று குறிப்பதும் மரபு. அந்த மரபைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கிம்பில் குறைகள் இல்லாமலில்லை. ரா கோப்பைத் தானாகத் திறக்காது, டார்க்டேபிளோ ராதெரபியோ பக்கத்தில் இருந்தால் அவற்றிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். முதல் நாள் திரையைப் பார்த்தால் மிரட்சியாகவும் இருக்கும்.

டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம்தான். மூலப் படத்தில் ஒரு பிக்சலைக் கூடத் தொடமாட்டா. நாம் செய்த மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். சாம்பல் அட்டை ஒயிட் பேலன்ஸை ஒரு படத்தில் போட்டு மற்ற எல்லாவற்றுக்கும் நகல் எடுக்க இவைதான் சௌகரியம். டார்க்டேபிள் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். காசு வேலைக்கு ராதெரபி போதும் என்பது என் எண்ணம். லேயர் வேண்டும்போது மட்டும் கிம்ப்.

ஃபோட்டோஷாப் 1990-இல் இருந்து இருக்கிறது. எல்லாமே செய்யும், நன்றாகவே செய்யும். 2013-இல் பெட்டி விற்பனையை விட்டுவிட்டு வாடகை முறைக்குப் போனார்கள். மாதாமாதம் கட்ட வேண்டும், கட்டுவதை நிறுத்தினால் நின்றுவிடும். தொழிலுக்காக ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாக அதிலேயே செய்யுங்கள். ஏஐ நிரப்பும் வசதிகளை மட்டும் காசின் பக்கம் அண்டவிடாதீர்கள். காசுப் படத்துக்கென்றே புதிதாக வாடகை கட்டத் தேவையில்லை. பர்மா பஜார் சிடி காலத்திலிருந்து தொடரும் உடைத்த பதிப்புகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். அவற்றோடு வைரஸும் வரும், இலவசத்தில் இவ்வளவு நல்லவை இருக்கும்போது அந்த அவசியமும் இல்லை.

அஃபினிட்டியை 2024-இல் கான்வா நிறுவனம் வாங்கி, 2025 கடைசியில் இலவசமாக்கியது. கான்வா கணக்கு ஒன்று திறக்க வேண்டும். அச்சுக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே. வேலையில் கிம்பைவிடக் கை தேர்ந்தது. தடித்த ரோமானியக் காசு போன்று உயர்ந்த புடைப்பு உள்ளவற்றை ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்களாக எடுத்து ஒன்றாக்கும் வசதியும் உண்டு. நம் தொகுப்பை வடிவமைக்கப் போகிறவருக்கு இதைச் சொல்வேன். ஃபோகஸ் அடுக்குவதையே பெருமளவில் செய்கிறவர்களுக்கு ஹீலிகன் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் என்று தனி மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான இந்தியக் காசுகளுக்கு இதெல்லாம் தேவைப்படாது. கேமராவைக் காசுக்கு நேர் செங்குத்தாக நிறுத்தி எஃப்8-இல் எடுத்தால் முழுக் காசும் தெளிவாக விழும்.

போனில் மட்டும் செய்கிறவர்களுக்கு ஸ்னாப்சீட். இலவசம், விளம்பரம் இல்லை, ஒயிட் பேலன்ஸுக்குச் சொட்டான் உண்டு, செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்த் திருத்தலாம். அதிலேயே இருக்கும் 'ஸ்ட்ரக்சர்' சறுக்கியை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் விட மனம் வராது. போனின் கேலரியில் உள்ள 'மேம்படுத்து' பொத்தானைப் பற்றி மேலே திட்டிவிட்டேன், திரும்பவும் வேண்டாம். அடுத்தவர் கணினியில் அவசரத்துக்கு வேலை செய்ய நேர்ந்தால் ஃபோட்டோபியா, பிரவுசரிலேயே ஓடும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றாக ஒட்ட, நூறு படங்களை ஒரே மூச்சில் அளவு மாற்ற, பெயர் மாற்ற இர்ஃபான்வியூ. 1996-இல் இருந்து இருக்கும் சின்ன மென்பொருள், சொந்த உபயோகத்துக்கு இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

ஆக, தொகுப்புக்குப் படம் அனுப்பும்போது என் வேண்டுகோள் இவ்வளவுதான். எதில் திருத்தினாலும் சரி, திருத்தாத மூலப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் என்றால் டாக்குமென்டாக. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும், காசின் பெயரும், எடை கிராமில், குறுக்களவு மில்லிமீட்டரில், முன்பக்கமா பின்பக்கமா என்பதும் இருக்கட்டும். அளவுகோல் வைத்து எடுத்த படம் ஒன்றாவது இருக்கட்டும். வெட்டியது, நிமிர்த்தியது, நிறமும் ஒளியும் சரிசெய்தது தவிர வேறு எதையாவது செய்திருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். படத்துக்குக் கீழே அப்படியே போட்டுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசியாக ஒருமுறை, காசை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, திரையின் வெளிச்சத்தை நடுத்தரத்தில் நிறுத்தி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். திரையில் உள்ளது கையில் உள்ளதைவிட அழகாக இருந்தால் எங்கோ ஒரு சறுக்கி கூடிவிட்டது.

அன்புடன்,
உங்களில் ஒருவர்

பி.கு.: ஸ்கேனரில் காசை வைத்துப் படம் எடுக்கும் பழக்கமுள்ள பெரியவர்கள் சிலர், அதை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டார்கள். விட வேண்டாம். ஆனால் இப்போது மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகை. கண்ணாடியைத் தொடும் இடம் மட்டும்தான் அவற்றில் தெளிவாக விழும், காசின் வயல்பகுதி மங்கிவிடும். பழைய கனத்த சி.சி.டி. ஸ்கேனர் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காசுக்கு அதுதான் சரி. விளக்கு ஒரு பக்கத்திலிருந்தே வருவதால், காசைக் கால் வட்டம் திருப்பித் திருப்பி நான்கு முறை ஸ்கேன் செய்து, எதில் எழுத்து நன்றாகத் தெரிகிறதோ அதை அனுப்புங்கள். புடைப்பு குழிந்து தெரிகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.